ஒன்றும் தேவைப்படாதவர்

தெசலோனிக்கி,
ஆகஸ்ட் 4

அன்புள்ள ஸ்தேர்யோஸ்,

நீ மிகவும் நலமாக இருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னார். இங்கே நான் நலமாக இல்லாததற்கு அதுதான் காரணம்.

இப்படித் தொடங்கக் கூடாது என்று முதல் தாளைக் கிழித்தேன். அடுத்த தாளிலும் இதே வரிதான் வந்தது. இருக்கட்டும்.

மடத்தில் புதுச் சீடர்களுக்கு வரும் கடிதங்களைப் பெரியவர் பார்த்தேனியோஸ் படித்துவிட்டுத்தான் கொடுப்பார் என்று உன் தோழன் ஆர்கிரிஸ் சொன்னான். ஆகவே இந்தப் பத்தி அவருக்கு. வணக்கம், பெரியவரே. நான் அரெத்தி. உங்கள் சீடனுக்குப் போன செப்டம்பரில் மனைவியாகியிருக்க வேண்டியவள். ஆசி சொல்ல அவன் தோளில் கை வைக்கிறீர்களே, அந்த இடத்தில் ஒருத்தியின் தலை இருந்தது. தெரிந்துகொள்ளுங்கள், போதும். இதற்கு மேல் உங்களுக்கு எதுவும் இல்லை.

இனி உனக்கு.

ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். நோன்புச் சமையல், பீன்ஸும் தக்காளியும். உன் கைபேசியை அத்தை சமையலறை இழுப்பறையில் வைத்திருக்கிறார். அவ்வப்போது எடுத்து சார்ஜ் போடுகிறார். "அவன் வந்து கேக்கும்போது செத்துக் கெடக்கக் கூடாதுல்ல" என்றார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீ அவனுக்கு அனுப்புறதெல்லாம் இதுக்குள்ளதான்டி வந்து விழுது. கரண்டி எல்லாம் அதிருது. நான் ஒண்ணும் படிக்கல, எனக்குக் கண்ணாடி இல்லாம எழுத்து தெரியாது" என்றார். அந்தக் கண்ணாடியை எங்கள் கடையில் நான்தான் செய்துகொடுத்தேன். அது அவர் மூக்கில்தான் இருந்தது.

பிறகு செய்தியைச் சொன்னார். மடத்திலிருந்து பேசினார்களாம். மாதா துயின்ற திருநாளின் இரவு வழிபாட்டில் உனக்குத் துறவு கொடுக்கிறார்களாம். அன்றோடு ஸ்தேர்யோஸ் என்ற பெயர் போய்விடும், வேறு பெயர் வரும்.

தடுக்க மாட்டீர்களா என்று கேட்டேன். அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். "யாருகிட்டடி போயி சண்டை போடுறது? வேற ஒருத்தின்னா அவ வாசல்ல போயி நின்னு மண்ணை வாரித் தூத்தியிருப்பேன். இது யாரு?" என்று கூரையைக் காட்டினார். எனக்கும் அதேதான் சங்கடம் என்றேன். கொஞ்ச நேரம் இருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வீட்டுல ஒருத்தன் துறவியானா ஏழு தலைமுறைக்குப் புண்ணியம்ங்கிறாங்க" என்று ஆரம்பித்தார். உங்களுக்குப் புண்ணியம், எனக்கு என்ன என்றேன். "உனக்கு இன்னொரு மாப்பிள்ளை கெடைப்பான்" என்றார். கதவை அறைந்து சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். இனி அந்த வீட்டுக்குப் போவதாக இல்லை.

நம் சபையின் விதியை நினைத்துப் பார்க்கிறேன். பாதிரியாராக விரும்புகிறவன் குருப்பட்டத்துக்கு முன்பே கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். பட்டம் பெற்ற பிறகு கல்யாணம் கிடையாது. ஆயர் உனக்கு ஒரு கிராமத்துக் கோயிலை ஒதுக்கிவிட்டு, "கோயில் ரெடி, பொண்ணு எங்கப்பா?" என்று கேட்டதாக நீ சொன்னாயே, அன்று எனக்குள் ஒரு கர்வம் ஏறியது. கடவுளின் வீட்டுச் சாவி என் இடுப்பில் தொங்குகிறது. நான் சம்மதிக்காமல் நீ பலிபீடம் ஏற முடியாது. அவரே உன்னை என் கையால்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வாசல் இருப்பதை நான் நினைக்கவில்லை. பெண்ணே இல்லாத வாசல்.

மாப்பிள்ளையும் தோழனும் கல்யாணத்துக்கு முன் துறவிகளின் மலைக்குப் போய் மடத்தில் நான்கு நாள் தங்கி வருவது வழக்கம்தானே. போய் வா என்று நான்தான் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தேன். ஊரனூபொலி துறையில் படகிலிருந்து ஆர்கிரிஸ் மட்டும் இறங்கினான். கையில் இரண்டு பைகள்.

அந்த மலையில் பெண்ணின் கால் படக் கூடாது. பசு கூடாது, கோழி கூடாது. பூனைக்கு மட்டும் விலக்கு, எலி பிடிப்பதால். ஒரு பெண் பூனை உன் கட்டிலுக்கு அடியில் குட்டி போடலாம். எனக்கு எலி பிடிக்கத் தெரியாது.

நீ இறுதித் தேர்வுக்குப் படித்த குளிர்காலம் நினைவிருக்கிறதா? என் சமையலறையில் நான் கேள்வி கேட்பேன். நீ வெங்காயம் நறுக்கிக்கொண்டே பதில் சொல்வாய். கடவுள் எப்படிப்பட்டவர்? பார்க்க முடியாதவர். அளக்க முடியாதவர். தொடக்கம் இல்லாதவர். மாறாதவர். ஒன்றும் தேவைப்படாதவர். எல்லாமே இல்லை, இல்லை, இல்லை. இப்படியே உரித்துக்கொண்டு போனால் கடைசியில் என்னதான் மிஞ்சும் என்று கேட்டேன். "மிஞ்சுறதுதான் அவர்" என்றாய். கண்ணைத் துடைத்துக்கொண்டாய், வெங்காயத்தால்.

மிஞ்சியது அவர் இல்லை. நான்.

நான் பார்க்க முடிகிறவள். அளக்க முடிகிறவள், உன் கையே அளந்திருக்கிறது. எனக்குத் தொடக்கம் உண்டு, பல்லில் ஓட்டை உண்டு, முப்பது வயது உண்டு. அவருக்கு முகம் இல்லை, என்னைவிட அழகா என்று ஒளிந்து நின்று பார்க்கவும் வழியில்லை. அவருக்கு வயதாகாது, ஒருநாள் உனக்குச் சலித்துவிடும் என்று நான் காத்திருக்கவும் முடியாது. உன்னோடு மலையில் இருக்கும் அதே நேரத்தில் இந்த அறையிலும் இருக்கிறார், நான் எழுதுவதைப் பார்த்தபடி. எந்தச் சக்களத்தியும் இவ்வளவு தூரம் போகமாட்டாள்.

அவர் தனியாள்கூட இல்லை. இதுவும் நீ சொன்னதுதான். தந்தை, மகன், ஆவி. காலம் என்று ஒன்று தொடங்குவதற்கு முன்பிருந்தே மூவர், ஒருவரை ஒருவர் நேசித்துக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல். அந்த வீட்டில் தனிமை என்பதே இருந்ததில்லை. என் வீட்டுக்கு வந்து பார்.

ஒன்று கேட்கிறேன். ஒன்றும் தேவைப்படாதவருக்கு எதற்காக உன்னைக் கொடுக்கிறாய்? நிரம்பி வழியும் குடத்தில் தண்ணீர் ஊற்றுவார்களா? உன்னைக் கொடுத்தால் அவர் கூடமாட்டார். கொடுக்காவிட்டால் குறையமாட்டார். நான் குறைகிறேன். தேவைப்படுகிறவள் நான்.

திருநாளுக்கு முன் வந்துவிடு. காரணம் சொல்ல வேண்டாம். படகிலிருந்து இறங்கினால் போதும்.

கோபத்தோடு, அதற்கு அடியில் இருப்பதோடும்,
அரெத்தி

பின்குறிப்பு: கல்யாணத்தில் நம் தலையில் சூட்ட வாங்கிய கிரீடங்கள் இரண்டும் ரிப்பன் கட்டியபடியே என் அம்மாவின் அலமாரியின் மேல் இருக்கின்றன. கல்யாணத்துக்கு வாங்கிய சர்க்கரைப் பாதாம் மூட்டைக்குள் எறும்பு புகுந்துவிட்டது. அம்மா விரட்டவில்லை. "அதுங்களாவது கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுப் போகட்டும்" என்கிறாள்.


தெசலோனிக்கி,
ஆகஸ்ட் 15

இப்போது என்ன பெயரோ, அந்தப் பெயர் உள்ளவருக்கு,

நீ வரவில்லை. பதிலும் வரவில்லை. திருநாள் வந்துவிட்டது.

காலையிலிருந்து ஊர் முழுக்க மணி. தெருவில் இறைச்சி வாசனை, நோன்பு முடிந்ததே. நானும் சாப்பிட்டேன். இரண்டு தட்டு. அழுகிறவளுக்குப் பசிக்காது என்று யார் சொன்னது?

இரவு முழுக்கக் கண்ணை மூடவில்லை. இப்போது பாடத் தொடங்கியிருப்பார்கள். இப்போது விளக்குகளை அணைத்திருப்பார்கள். இப்போது அவன் தரையில் விழுந்து வணங்குகிறான். இப்போது அவனை வேறு பெயரால் கூப்பிடுகிறார்கள், அவன் திரும்பிப் பார்க்கிறான். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு விடியும்வரை கிடந்தேன். புருஷன் வேறு வீட்டுக்குப் போன இரவில் பெண்கள் இப்படித்தான் கிடப்பார்கள் போலும்.

கோயிலுக்குப் போனேன். கும்பிட இல்லை.

நம் கோயிலில் வழக்கம் உனக்குத் தெரியும். வாசலில் துண்டுத்தாள் இருக்கும். உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள் ஒரு பக்கம், இறந்தவர்களின் பெயர்கள் இன்னொரு பக்கம். பாதிரியார் இரண்டையும் உரக்க வாசிப்பார். உலகத்துக்கு இறந்துவிட்டவன்தானே துறவி? அப்படித்தானே உங்கள் பாடம்? பேனாவை எடுத்தேன். இறந்தவர்கள் பக்கத்தில் எழுதினேன். ஸ்தேர்யோஸ்.

பாதிரியார் வாசித்தார். யோர்கோஸ், கல்லியோப்பி, அந்தோனியோஸ், ஸ்தேர்யோஸ். பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் உன் அம்மா. தலை வெடுக்கென்று திரும்பியது. என்னைத்தான் பார்த்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. ஒரு துளி சந்தோஷம் இருந்தது. அதை மறைத்து எழுத விருப்பமில்லை.

முடிந்தது. கடவுளே தன்னைப் பொறாமை கொள்கிறவர் என்று மோசேயிடம் வாய்விட்டுச் சொன்னதாக நீதான் எனக்குச் சொன்னாய். அது மனிதர்களின் பொறாமை மாதிரி இல்லை, உயர்ந்த பொருள் என்று விளக்கினாய். எந்தப் பெண்ணும் தன் பொறாமைக்கு அப்படித்தான் விளக்கம் சொல்வாள். இரண்டு பொறாமைக்காரர்களுக்கு நடுவில் நின்றாய். பலசாலி இழுத்துக்கொண்டார்.

பெயர் தெரியாதவரே, வாழ்க. உங்களுக்கு எழுத இனி எனக்கு எதுவும் இல்லை.

அ.


தெசலோனிக்கி,
ஆகஸ்ட் 26
(உன் மலையில் ஆகஸ்ட் 13)

அன்புள்ள ஸ்தேர்யோஸ்,

ஸ்தேர்யோஸ். இன்னும் ஸ்தேர்யோஸ்தான்.

திருநாளுக்கு மறுநாள் கடை திறந்ததும் பாதிரியாரம்மா அஸ்பாசியா உள்ளே வந்தார். கண் பரிசோதனைக்கு வந்தவர்போல நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தொடங்கினார். "ஏன்டி, உயிரோட இருக்கிறவனைச் செத்தவங்க பக்கத்துல எழுதி, எம்புருஷன் வாயாலயே வாசிக்க வச்சிருக்கியே, நீ பொண்ணா பேயா?" அவன் உலகத்துக்கு இறந்தவன்தானே என்றேன். "அட படிச்சவளே! அவன் இன்னும் துறவே வாங்கலையே!" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பாதிரியாரம்மா என் கையைப் பிடித்து இழுத்துச் சுவரில் இருந்த நாள்காட்டி முன்னால் நிறுத்தினார். "இது நம்ம காலண்டர். மலையில பழைய காலண்டர்டி, பதின்மூணு நாள் பின்னாடி ஓடுது. நீ நேத்து இங்க கறி தின்னுட்டிருந்தப்போ அங்க அவங்க நோன்பே இப்பதான் ஆரம்பிச்சிருக்காங்க. கோயிலுக்குப் போறவ இதை மறப்பாளா? ஓ, நீ போறதில்லையே!"

ஸ்தேர்யோஸ், நான் இந்த ஊரில் பிறந்தவள். எனக்கு அது தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பத்து நாளும் என் தலைக்குள் வேறு எதற்கும் இடமில்லை. வராத இரவை நினைத்து விடியும்வரை எரிந்திருக்கிறேன். நீயோ அந்த இரவில் நன்றாகத் தூங்கியிருப்பாய்.

கடையில் பாதிரியாரம்மா முன்னாலேயே சிரித்துவிட்டேன். காலத்துக்கு அப்பாற்பட்டவர் என்றாயே, அவர் வீட்டுக் காலண்டர் பதின்மூன்று நாள் தாமதமாக ஓடுகிறது. முதல் தடவையாக அவர்மேல் எனக்கு லேசாக ஒரு பிரியம் வந்தது. உடனே போய்விட்டது.

அன்று மாலை உன் அம்மாவிடம் போனேன். சத்தியத்தை மீறி. அத்தை கதவைத் திறந்து, உள்ளே வா என்று சொல்லாமல், போ என்றும் சொல்லாமல் நின்றார். "எம்மகனைக் கொன்னுட்டியேடி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதே பேரை அதே பக்கத்துல எழுதத்தான் நானும் பேனாவை எடுத்தேன். கை வரல" என்றார். வாசற்படியிலேயே இருவரும் உட்கார்ந்துவிட்டோம். புண்ணியம் பற்றி அவர் பேசவில்லை. இன்னொரு மாப்பிள்ளை பற்றியும் பேசவில்லை. "பத்து மாசம் சுமந்தவ நான். என்னைக் கரையில இறங்க விடமாட்டாங்க. என்னடி நியாயம் இது?" என்றார்.

இந்தக் கேள்விக்கு என்னைவிட நல்ல ஆள் அவருக்குக் கிடைக்கமாட்டாள்.

ஆகவே நேற்று இருவரும் அந்தப் படகில் ஏறினோம். நீ எங்களைப் பார்த்தாய். ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது.

பெண்களுக்கான படகு அது. கரைக்கு அரை கிலோமீட்டர் இப்பாலேயே ஓடும். ஒலிபெருக்கியில் ஒருவன் மடங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தான். பெண்கள் சிலுவைக் குறி இட்டார்கள், படம் எடுத்தார்கள், வாந்தி எடுத்தார்கள். உன் மடம் வந்தது. சன்னல்கள் தெரிந்தன. எந்தச் சன்னல் உன்னுடையது என்று அத்தைக்கும் எனக்கும் சச்சரவு. கொடியில் கறுப்புத் துணிகள் காய்ந்தன. அவற்றில் எது உன்னுடையது என்று நான் தேடிக்கொண்டிருந்ததை அத்தையிடம் சொல்லவில்லை.

பிறகு மடத்திலிருந்து ஒரு சின்ன இயந்திரப் படகு எங்களை நோக்கி வந்தது. பெண்கள் கும்பிடுவதற்காகப் புனிதரின் எலும்பு இருக்கும் வெள்ளிப் பேழையைக் கொண்டுவருவார்கள் என்று தெரியும். யார் கொண்டுவருவார்கள் என்று தெரியாது. ஒரு வயதான துறவி பேழையை மடியில் அணைத்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒருவன் இயந்திரத்தோடு போராடிக்கொண்டிருந்தான். அது இருமி நின்றது, மறுபடி கிளம்பியது. அவன் சிரித்தான். தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டை தெரிய.

நீ.

என்னோடு இருந்த ஆறு வருடத்தில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கவனித்துச் சொல்கிறேன், ஒருதடவைகூட இல்லை. நீ அங்கே வாடிக்கொண்டிருப்பாய், குளிரில் முழந்தாளிட்டு என் பெயரை அடக்கிக்கொண்டிருப்பாய் என்று எத்தனை இரவு கற்பனை செய்து என்னைத் தேற்றியிருக்கிறேன். அந்த ஒரு சிரிப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. ஒரு பழைய இயந்திரத்துக்குச் சிரித்த சிரிப்பு. நான் பிடித்திருந்த கம்பி சுட்டது, வெயிலில்.

நீங்கள் எங்கள் படகில் ஏறினீர்கள். பெண்கள் வரிசையானார்கள். வயதான துறவி பேழையைப் பிடித்திருந்தார். நீ பக்கத்தில், கையில் வெள்ளைத் துணி. ஒருத்தி முத்தமிட்டதும் கண்ணாடி மூடியைத் துடைப்பாய். அடுத்தவள். துடைப்பாய். தலையை நிமிர்த்தவே இல்லை. எல்லாக் கையும் உனக்கு ஒரே கைதான். எல்லா உதடும் ஒரே உதடுதான். எல்லோரையும் ஒரேபோல நேசிக்கிறவர் என்று அவரைச் சொல்வாய். அது எவ்வளவு கொடுமையான குணம் என்று வரிசையில் நிற்கும்போதுதான் தெரிகிறது.

அத்தை எனக்கு முன்னால். முத்தமிட்டார், நகரவில்லை. "என்னடா இப்படி எளைச்சுட்டே? சோறு போடுறாங்களா, வெறும் பாட்டு மட்டும்தானா?" என்று படகே கேட்கும்படி கேட்டார். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். அந்த வயதான துறவியும் சிரித்தார். நீ, "அம்மா, வரிசை நகரணும்மா" என்றாய். காது வரை சிவந்துபோய். அவருக்கு அந்த ‘அம்மா’ கிடைத்தது. அதற்கும் பொறாமைப்பட்டேன், என்ன செய்வது.

பிறகு நான். பேச எத்தனையோ வைத்திருந்தேன். குனிந்தேன். கண்ணாடிக்கு அடியில் பழுப்பாக ஒரு துண்டு எலும்பு. யாரோ ஒருவர், அவரும் ஒரு காலத்தில் யாரையோ விட்டுவிட்டு வந்தவராக இருக்கும். முத்தமிட்டேன். வேண்டுமென்றே உதட்டுச் சாயம் போட்டிருந்தேன். படங்களிலும் பேழைகளிலும் சாயம் பட்டால் பாதிரியார்கள் திட்டுவார்கள் என்று தெரிந்தேதான். சிவப்பாக அப்படியே பதிந்தது.

நீ துடைக்கவில்லை.

துணி உன் கையில் இருந்தது. கை அசையவில்லை. எனக்குப் பின்னால் நின்ற வோலோஸ் ஊர் அம்மாள் காத்திருந்து பார்த்துவிட்டு, "தம்பி, தொடைங்க. அந்தப் பொண்ணோட சாயம் அப்படியே இருக்கு பாருங்க, நான் அதையா கும்பிடுறது?" என்றார். அதன் பிறகுதான் துடைத்தாய்.

எவ்வளவு நேரம் அது? இரண்டு மூச்சு இருக்குமா? அந்த இரண்டு மூச்சையும் நேற்றிலிருந்து திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். மறந்தாயா? நினைத்தாயா? என்னிடம் சொல்லாதே. சொன்னால் ஒன்று போய்விடும்.

நீங்கள் உங்கள் படகுக்கு இறங்கும்போது அந்த வயதான துறவி என்னைத் தேடி வந்தார். "அரெத்திங்கிறது நீங்களாம்மா?" ஆம் என்றேன். நான் என்றாவது இந்தப் படகில் வந்தால் சொல்லும்படி பெரியவர் பார்த்தேனியோஸ் ஒரு பதில் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் யாருடைய கடிதத்தையும் படிப்பதில்லையாம். நீயாகவே போய் என் முதல் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினாயாம். தோள் பத்தி உட்பட. எனக்குக் கடலில் குதிக்கலாம்போல இருந்தது. பெரியவர் கேட்டுவிட்டு, "பொண்ணு சொல்றது சரிதான். ஆண்டவருக்கு இவன் தேவையே இல்ல. தேவையில்லாமலே கூப்பிடுறார், அதுதான் அவரோட அன்பு. போய்ச் சொல்லு" என்றாராம்.

பெரியவரே, இது இன்னொரு பத்தி, இதையும் அவன் உங்களுக்கு வாசிக்கட்டும். நீங்கள் சொன்னதை இரவெல்லாம் யோசித்தேன். அழகாக இருக்கிறது. ஆனால் தேவைப்பட்டு நேசிப்பது என்ன தாழ்ந்த சாதி நேசமா? பசித்தவன் ரொட்டியை நேசிப்பதுபோல நான் அவனை நேசிக்கிறேன். உங்கள் ஆண்டவர் விருந்து முடித்த பிறகு ஒரு பழத்தை விரும்புவதுபோல நேசிக்கிறார். அவருக்கும் ஒருமுறை பசித்ததாக, தாகம் எடுத்ததாக, நண்பன் செத்தபோது அழுததாகத்தானே நம் நம்பிக்கை? அதற்காகத்தானே உடம்பு எடுத்தார்? ஒன்றும் தேவைப்படாமல் இருப்பது அவருக்கே போதவில்லை என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். இது தப்பென்றால் திருத்துங்கள். உங்கள் சீடன் மூலம் வேண்டாம்.

ஸ்தேர்யோஸ், வழிபாட்டுக்கு ஆர்கிரிஸ் வருகிறான். இந்தக் கடிதம் அவன் கையில் வரும்.

திரும்பும் படகில் அத்தை சொன்னார். வழிபாட்டின் நடுவில் பெரியவர் ஒரு கத்தரிக்கோலைத் தரையில் போடுவாராம். நீ குனிந்து எடுத்து அவர் கையில் கொடுக்க வேண்டுமாம். மறுபடி போடுவாராம். மறுபடி கொடுக்க வேண்டும். மூன்று முறை. உன் முடியை வெட்டும் கத்தரியை நீயே விரும்பிக் கொடுக்கிறாய், யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்று எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதற்காக. "எடுக்கலன்னா அவ்வளவுதான், பையை எடுத்துட்டுக் கெளம்பி வந்துரலாமாம்" என்றார் அத்தை. பிறகு, "சின்ன வயசுல இவன் கீழ விழுந்த எதையும் குனிஞ்சு எடுத்ததே இல்லடி. நான்தான் பின்னாடியே பொறுக்கிட்டுப் போவேன்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. எனக்கு அவர் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது, கட்டிக்கொள்ளவும் வேண்டும்போல.

வா என்று முதல் கடிதத்தில் எழுதினேன். இப்போது எழுத முடியவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டேன். அதைப் பறித்துக்கொண்டு வந்து என் சமையலறையில் வைத்தால் அது சிரிப்பாக இருக்காது. இது பெருந்தன்மை இல்லை, அப்படி நினைத்துவிடாதே. எனக்கு இன்னும் எரிகிறது. எழுதும்போதே எரிகிறது.

கடவுள் உன்னைக் காக்கட்டும் என்று முடிக்கத்தான் கை போகிறது. உனக்கு ஒரு நல்லது வேண்டுமென்றால் அதையும் நான் அவரிடமேதான் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. வேறு வாசல் எனக்கு வைக்கவில்லை. சரி, கேட்டுவிட்டேன். காக்கட்டும். இருமல் வராமல், குளிர் தாக்காமல், உன் புதுப் பெயர் உனக்குப் பொருந்தும்படி.

அவரிடம் கேட்காமல் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. கத்தரிக்கோல் மூன்றாம் முறை தரையில் விழும். குனிவதற்கு முன் ஒரு மூச்சு நில். பிறகு எடு, எடுக்காமல் போ, அது உன் விருப்பம். அந்த ஒரு மூச்சு மட்டும் எனக்கு. அவர் அதையும் பார்ப்பார், எல்லாம் பார்க்கிறவர்தானே.

பார்க்கட்டும்.

உன்
அரெத்தி